எந்தக் கிணற்றுத் தண்ணீர்

சென்ற பாடசாலை விடுமுறையில் காரைநகர்க் கடற்கோட்டையைப் பார்க்கப் போவதென்று எங்கள் வீட்டில் முடிவாயிற்று. போவதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இராத் தங்குவது எங்கே என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கோட்டையை அண்டிக் கடற்படையினரின் உல்லாச விடுதி ஒன்றுண்டு. யாழ் நகரில் வாடகை அறைகளுக்குக் குறைவில்லை. சோனகத் தெருவில் என் சாச்சியின் வீடும் இருக்கிறது. மீளக் குடியேறியபின் ஓர் அறையும் விறாந்தையும் மட்டுமே கூரை கண்ட வீடு அது. என் இளைய மகன் எங்கோ படம் பார்த்துவிட்டு, "வாப்பா, ஜெயிலுக்குள்ள ஒரு ராத்திரி படுப்பம்" என்று பிடிவாதமாய் நின்றான்.

விலையையும் வசதியையும் ஒப்பிட்டுப் பத்து நிமிடத்தில் முடிக்கவேண்டிய சின்ன விடயம் இது. எனக்கோ ஒரு வாரம் பிடித்தது. பாழடைந்த ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறவன் எங்கே தலைசாய்க்கிறான் என்பது வெறும் வசதி பற்றிய கேள்விதானா? அதற்குள் ஒழுக்கம் பற்றிய கேள்வியும் ஒளிந்திருக்கிறதா? இதை எவரும் ஹலால், ஹராம் என்று கேட்கப்போவதில்லை. அதனாலேயே நாமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கோட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, யாழ்ப்பாணக் கடனீரேரியின் வாசலில், சின்னஞ்சிறு திட்டொன்றில் அது நிற்கிறது. கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்களை வீழ்த்தியது தாகம். குடிதண்ணீர் இல்லாமற் போகவே சரணடைந்தார்கள். நாற்புறமும் கடல், குடிக்க ஒரு மிடறு இல்லை. ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டி, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். அதன் குதிகால் இந்தக் கோட்டை. பிற்காலத்தில் அது சிறையாயிற்று. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கைதான தென்னிலங்கை இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் கடற்படையினர் அதைத் துப்புரவாக்கிச் சுற்றுலா விடுதியோடு சேர்த்தார்கள். கோட்டைக்குள்ளும் தங்கும் அறைகள் அமைந்தன. மகன் ஆசைப்பட்டது அவற்றில் ஒன்றுக்குத்தான்.

பாழிடங்களைப் பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எப்படியானதென்று பாருங்கள் என்கிறது. எனவே பார்க்கப் போவதில் குற்றமில்லை. போகாமல் இருப்பதுதான் குறை. ஆனால் எப்படிப் பார்ப்பது என்பதற்கு நபி (ஸல்) அவர்களின் நடைமுறை ஒன்றுண்டு. ஹிஜ்ரி 9இல், தபூக் பயணத்தின்போது, படை அல்ஹிஜ்ரை அடைகிறது. ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து வாழ்ந்த இடம் அது. தோழர்கள் அங்குள்ள கிணறுகளில் நீரெடுத்து மாவும் பிசைந்துவிட்டார்கள். தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், மாவை ஒட்டகங்களுக்குக் கொடுங்கள், ஸாலிஹ் நபியின் ஒட்டகம் குடித்த கிணற்றில் மட்டும் அள்ளுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள். தமக்குத் தாமே அநியாயம் செய்தவர்களின் குடியிருப்புக்குள் அழுதவர்களாகவே அன்றி நுழையாதீர்கள் என்றும் சொன்னார்கள். தலையை மூடிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கை விரைவாகக் கடந்தார்கள்.

அந்த அல்ஹிஜ்ர் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அந்தப் பிரதேசத்தில் உல்லாச விடுதிகள் எழுந்திருக்கின்றன. காரைநகர் தனித்துப்போன இடமல்ல. உலகெங்கும் பாழிடம் விலைபோகிறது.

இந்த ஹதீஸைக் கடற்கோட்டைக்கு அப்படியே பொருத்தலாகாது என்று ஒருவர் வாதிக்கலாம். நியாயமான வாதம்தான். ஸமூது கூட்டத்தார் இறை தண்டனைக்கு ஆளானவர்கள். கோட்டைக்குள் தாகத்தில் தவித்தவர்களும், அடைபட்டுக் கிடந்தவர்களும் அப்படியானவர்கள் என்று சொல்ல நாம் யார்? இன்னொரு வாதமும் உண்டு. துயரம் நடந்த இடத்தில் படுக்கக்கூடாதென்றால், குடாநாட்டில் பாய் விரிக்க ஒரு முழ நிலம் மிஞ்சுமா? விடுதியில் கோப்பை கழுவும் பையனுக்கும் அது பிழைப்பு. இவற்றை நான் தட்டிக்கழிக்கவில்லை.

ஆயினும் அந்த ஹதீஸில் என்னைப் பிடித்து நிறுத்துவது சாபமல்ல, தண்ணீர். ஒரே ஊரில் இரண்டு வகைக் கிணறுகள். ஒன்று அநியாயக்காரர்களுடையது. மற்றது அநியாயத்துக்கு ஆளான ஒரு வாயில்லாப் பிராணியுடையது. எந்தக் கிணற்றில் அள்ளுகிறாய் என்பதே பயணிக்கு வைக்கப்பட்ட பரீட்சை. நாம் எவர் வீட்டில் தங்கி எவர் தண்ணீரைக் குடிக்கிறோமோ, அவர் சொல்லும் கதையே பெரும்பாலும் நம் கதையாகி ஊர் திரும்புகிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது எனக்குப் பதினொரு வயது. வடமாகாணத்திலிருந்து அப்போது வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். ஏ9 வீதி 2002இல் திறந்தது. அடுத்த ஆண்டு நானும் வாப்பாவும் வீடு பார்க்கப் போனோம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, குசினிக்குள் எருக்கலை. நாங்கள் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கையில் தெற்கிலிருந்து வந்த வான் ஒன்று தெருவில் நின்றது. இறங்கியவர்கள் நல்ல மனிதர்கள்தாம். எங்கள் உம்மா சோறாக்கிய இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்திப் படமெடுத்தார்கள். வாப்பா ஒதுங்கி வழிவிட்டார். அது யார் வீடென்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அன்று எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். அவர்கள் அழவேண்டியதில்லை. படம் எடுக்காமல் விடவேண்டியதும் இல்லை. 'இது யாருடைய வீடு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இடிபாட்டுக்கு உரியவர்கள் உயிரோடு பக்கத்திலேயே நிற்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். என் வீட்டு இடிபாட்டுக்கு வருகிறவனிடம் நான் எதிர்பார்ப்பதை, பிறருடைய இடிபாட்டுக்குப் போகும்போது நான் செய்தாக வேண்டும். சிறையறையில் சொகுசு மெத்தையிட்டு ஓரிரவு கைதியாக நடிப்பதில் எனக்குள்ள தடை இதுதான். நடிப்பவன் காலையில் பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். மெய்யாகவே கிடந்தவனுடைய தாயார் தெற்கில் எங்கோ ஒரு கிராமத்தில் காத்திருந்திருப்பாள். பாழிடத்தைப் பகலில் பார்க்கலாம்; இரவை உயிருள்ளவர்களோடு கழிக்கவேண்டும். இந்த அளவில் என் மனம் தெளிந்தது.

ஆனால் அத்தோடு பிரச்சினை தீரவில்லை. உயிருள்ளவர்கள் என்றால் எனக்குச் சாச்சிதான். அவர்களிடம் இருப்பதோ ஓர் அறை. விருந்து மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்பது நபிமொழி. வீட்டுக்காரரைச் சங்கடத்தில் தள்ளுமளவு தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்றும் அதில் வருகிறது. எங்களைப் போல் இந்த ஹதீஸை உடம்பால் அறிந்தவர்கள் குறைவு. புத்தளத்து மக்கள் 1990இல் எங்களுக்குத் தம் வீட்டையும் பள்ளிவாசலையும் தோட்டத்தையும் திறந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று நாள் என்று வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டோம். அவர்களுடைய கிணறும் பாடசாலையும் எங்களால் நெருக்கடிப்பட்டன. முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லேன். வீட்டுக்காரரின் பொறுமையைச் செலவழிப்பதைவிட விடுதிக்குப் பணம் செலவழிப்பது மேல் என்று என் மனைவி சொன்னபோது, அவள் அகதி முகாமில் வளர்ந்தவள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

இந்தக் கரையே ஒருகாலம் விருந்தினரைப் பற்றி யோசித்த கரைதான். முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று அது சொல்கிறது. யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. வந்தவனைக் கொள்ளையிடவும் விடவில்லை. கரைக்காரனை வெறுங்கையோடு விடவும் இல்லை. இருவருக்கும் பங்கு வைத்தது. வந்தவன் உரிமையும் வரவேற்பவன் சுமையும் ஒரே கல்லில் எழுதப்பட்டிருப்பது எனக்கு வழிகாட்டியது.

ஆகவே ஓரிரவு மட்டும் என்று முடிவெடுத்தோம். இரண்டாம் இரவு அவசியமானால் நகரில் வாடகை அறை. சாச்சியிடம் பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். அரிசியும் கருவாடும் தேங்காயும் மூட்டையாகக் கட்டிக்கொண்டோம். பாய் தலையணையும் எங்களுடையதே. பெண்கள் அறையில், ஆண்கள் விறாந்தையில்.

கோட்டையைக் காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் பாதையில் நின்று பார்த்தோம். மாலை வெயிலில் அழகாகத்தான் இருந்தது. அழகில்லை என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லவில்லை. தண்ணீரில்லாமல் சரணடைந்தவர்களின் கதையைச் சொன்னேன். 1971இல் அங்கே கிடந்தவர்கள் நம் பாஷை பேசாதவர்கள், ஆனால் அவர்களுக்கும் உம்மா இருந்தாள் என்றும் சொன்னேன். இளையவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அவன் ஆசை அடங்கியதா என்பது எனக்குத் தெரியாது.

சோனகத் தெருவுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. "வாங்க மகன், முதல்ல முகத்தைக் கழுவுங்க" என்று சாச்சி கிணற்றடியைக் காட்டினார். மீள வந்தபோது கூரை போட முன்பு கிணற்றைத்தான் இறைத்தார்களாம். உள்ளே கிடந்த கல்லையும் தகரத்தையும் அள்ளி முடிக்க நான்கு நாள் சென்றதாம். இளையவன் வாளியை எட்டிப் பிடித்து, "சாச்சிம்மா, இந்தக் கிணறு யாருட?" என்று கேட்டான்.

"ஒங்கட மூத்தவாப்பா வெட்டின கிணறு, மகன். குடிச்சுப் பாருங்க" என்றார்.