இமையாத கண்

தேவர்கள் இமைப்பதில்லை என்பது நம் புராணங்கள் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் இந்திரன் முதலான தேவர் நால்வர் நளனுடைய உருவத்தையே தாங்கி அவனோடு வரிசையாக வீற்றிருந்தபோது, தன் நாயகன் இன்னான் என்று அந்தப் பெண் தெளிந்தது, அவன் காலடியில் நிழல் விழுந்ததாலும், கழுத்து மாலை வாடியிருந்ததாலும், மேனியில் வியர்வை அரும்பியதாலும், அவன் கண்கள் இமைத்ததாலுமே. இமைப்பதை மானிடப் பிறவியின் குறைகளில் ஒன்றாக நம்மவர்கள் எண்ணினார்கள். அந்தக் குறை எவ்வளவு பெரிய அனுக்கிரகம் என்பது, அது பறிபோன ஒருவர் பக்கத்தில் இருந்து சுசுருஷை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

என் தமக்கையைப் பற்றியிருக்கும் வியாதிக்குப் புரோகிரஸிவ் சூப்ராநியூக்ளியர் பால்ஸி என்று பெயர். ஸ்டீல், ரிச்சர்ட்ஸன், ஒல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று வைத்தியர்கள் டொரான்டோ நகரத்தில் கண்ட நோயாளிகளை வைத்து, 1964-ஆம் வருஷம் அதைத் தனி நோயாகப் பிரித்து எழுதினார்கள். ஆரம்பத்தில் பார்க்கின்ஸன் நோய் என்றே அநேகருக்குத் தோன்றும். நடக்கையில் காரணமில்லாமல் பின்புறமாகச் சாய்ந்து விழுவதும், விழிகள் மேலும் கீழும் அசைய மறுப்பதும் சேர்ந்த பிறகுதான் உண்மை துலங்கும். சுகமாக இருக்கிற மனிதர் நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை தம்மை அறியாமலே இமைக்கிறார். இந்த நோய் முற்றியவர்களுக்கோ அது மூன்று நான்காகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு இமைப்பும் விழியின்மேல் கண்ணீரைப் புதிதாகப் பரப்பிவிட்டுப் போகும் கைங்கரியம் ஆகையால், அது குறைந்த இடத்தில் விழி உலர்கிறது, எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. வேடிக்கை என்னவென்றால், உலர்ந்த அந்தக் கண்ணிலிருந்தே தாரை தாரையாக நீரும் வழியும். உறுத்தலைத் தாங்காமல் கண் சுரக்கும் வெறும் நீர் அது, விழிமேல் தங்காது கன்னத்தில் ஓடிவிடும். பார்க்க வருகிறவர்கள், அழுகிறாள் என்று நினைத்துத் தாங்களும் அழுதுவிட்டுப் போகிறார்கள்.

அழுகிறாள் என்று நினைப்பவர்களையாவது மன்னித்துவிடலாம். "ஏன் இப்படி முறைச்சுப் பாக்கறா?" என்றும், "பாவம், ஒண்ணும் தெரியலை போலிருக்கு" என்றும் அவள் காதுபடவே சொல்லுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. முகத்தின் தசைகள் இறுகி, இமைகள் நின்றுபோனதால், உள்ளே இருக்கிறவள் போய்விட்டதாக அவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். இதைச் சொல்லுகிறவர்களே வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், நயனோன்மீலனம் செய்து கண் திறந்துவைத்த கருங்கல் விக்கிரகத்தின்முன் நின்று, இமையாத அந்தக் கண்கள் தங்களைப் பார்க்கின்றன, தங்கள் நெஞ்சில் உள்ளதையெல்லாம் அறிகின்றன என்று பூரணமாக நம்பிக் கைகூப்புகிறவர்கள். கல்லின் கண்ணுக்குத் தருகிற அந்தச் சிரத்தையை, ரத்தமும் சதையுமான ஒரு மனுஷியின் கண்ணுக்குத் தர ஏன் நமக்கு மனம் வரவில்லை? இந்தக் கேள்வி என்னை வெகுநாளாக வாட்டுகிறது. விக்கிரக ஆராதனையைக் குறைத்துப் பேச நான் இதைச் சொல்லவில்லை. அந்த ஆராதனை நமக்குப் பழக்கிக்கொடுத்த பார்வையை வீட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

காளத்தி மலைமேல் வேடர் திண்ணனார் பார்த்ததும் இந்தப் பார்வையோடுதான். பூசை செய்த சிவகோசரியாருக்கு அங்கிருந்த லிங்கம் ஆகம விதி தவறாமல் தூய்மையாகக் காக்கப்படவேண்டிய மூர்த்தி. வேடருக்கோ அது பசிக்கிற, தனித்திருக்கிற, நோகிற ஓர் உயிர். சேக்கிழார் சொல்லும் வரலாற்றில், தம் கண்ணை இடந்து அப்பிய செயலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன் நடந்தவற்றை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். இறைவன் கண்ணில் குருதி பெருகக் கண்டதும் அவர் முதலில் வில்லை எடுத்துக்கொண்டு, இதைச் செய்தவன் எவன், எந்த விலங்கு என்று காடெல்லாம் தேடினார். ஒருவரையும் காணாமல் திரும்பிவந்து, கட்டிக்கொண்டு அழுதார். பிறகு பச்சிலை தேடி ஓடிக் கொண்டுவந்து பிழிந்தார்.

எங்கள் குடும்பத்திலும் அந்தத் தேடல் நடந்தது. பூர்வ ஜன்மத்துப் பாவம் என்றார் ஒருவர்; எந்தத் தெய்வக் குற்றமோ என்றார் இன்னொருவர். கர்மம் பொய் என்று வாதிட எனக்குப் படிப்பு போதாது. ஆனால் இந்த நோயில் மூளையின் அணுக்களில் டௌ என்னும் புரதம் ஏன் திரளுகிறது என்று வைத்தியர்களே தேடிக்கொண்டிருக்கையில், படுத்திருப்பவளின் ஒழுக்கத்தில் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது பெரும் கொடுமை என்றே நினைக்கிறேன். காட்டில் ஒருவரும் அகப்படாதபோது திண்ணனார் வில்லைக் கீழே வைத்தார் அல்லவா?

பச்சிலைக்குப் பதில் எங்கள் வீட்டில் செயற்கைக் கண்ணீர். அடிக்கடி விடவேண்டியிருப்பதால், கெடாமல் இருப்பதற்கான ரசாயனம் சேர்க்காத சிறு குப்பிகளை டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவள் தலையைத் தலையணைமேல் சற்றே பின்சாய்த்து, "அக்கா, மருந்து விடறேன், சில்லுனு இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லுவேன். சொல்லாமல் விட்டால் உடம்பு முழுவதும் திடுக்கிட்டு விறைத்துக்கொள்ளும். பிறகு கீழ் இமையை மெல்ல இழுத்து, உண்டாகும் சிறு பையில், குப்பியின் முனை ரோமத்தில் படாமல் ஒரே ஒரு சொட்டு. மூக்கின் ஓரத்துக் கண்முனையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் நிற்கிறது. இரவில் களிம்பு. மின்விசிறியின் காற்று முகத்தில் அடிக்காதபடி கட்டிலைத் திருப்பிப் போட்டோம். வெளிச்சம் கூசுவதால் ஜன்னலுக்குத் திரை. சில நாட்களில் மூடிய இமை திறக்கவே மறுக்கும். அதற்கு இமைத் தசையில் போடும் ஊசி ஒன்று உண்டு, சிலருக்குப் பலன் தருகிறது. கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் போகவேண்டும்; உலர்ந்த கருவிழி புண்ணாகிவிடக்கூடும்.

அவள் விழி கீழே இறங்காது. தட்டிலிருப்பது அவளுக்குத் தெரியாததால்தான் சாப்பாட்டில் பாதி சிந்துகிறது என்பது எங்களுக்கு விளங்க வெகுநாளாயிற்று. இப்போது தட்டை உயரமான பலகைமேல் வைக்கிறோம். தரையோரத்து மாடத்திலிருந்த முருகன் படத்தையும், அவள் நாற்காலியில் அமர்ந்தால் நேர்நோக்கில் தெரியும்படி சுவரில் மாட்டினோம். சாமியை இடம்மாற்றலாமா என்று ஆட்சேபித்தவர்களுக்கு, பக்தரின் பார்வை எட்டுகிற இடத்துக்குத் தெய்வம் வருவது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதன்று, உற்சவ மூர்த்தி வீதிக்கு வருவதே அதற்காகத்தானே என்று பதில் சொன்னேன்.

கடோபநிஷத்தில் ஒரு திருஷ்டாந்தம் வருகிறது: உலகுக்கெல்லாம் கண்ணாக விளங்கும் சூரியனைப் பிறர் கண்களின் தோஷம் தீண்டாததுபோல, உள்ளிருக்கும் ஆன்மாவை உலகத்தின் துக்கம் தீண்டுவதில்லை. இதைச் சொல்லி எனக்கு ஆறுதல் கூறினார் நண்பர் ஒருவர். சத்தியமான வாக்குத்தான், ஆனால் நோவை அனுபவிக்கிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள உரிமையுள்ள வாக்கு அது. பக்கத்தில் நிற்கிறவன் அதைச் சொன்னால், தன் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறான் என்றே எனக்குப் படுகிறது. அக்கா ஒரு காலத்தில் உபந்நியாசம் ஒன்றையும் விடாமல் கேட்டவள் ஆகையால், அவளிடமே இதைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஒரு வார்த்தை வெளிவருவதற்குள் வெகுநேரம் ஆகும்; காத்திருந்தேன். "அது நெசந்தான் தம்பி," என்றாள். பிறகு இன்னும் சற்று நேரம் கழித்து, "இப்ப எரியுது, மருந்து விடு" என்றாள்.