மடலின் ஈரமும் போரின் அறமும்

தன் குடும்பத்தார்பால் மாறாத அன்புடையவன் நல்லவனே என்று உலகம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறது. அம்முடிவைச் சோதித்துப் பார்க்க ஏற்றதோர் உரைகல் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென்மாநிலக் கூட்டரசின் படையில் பணியாற்றிய வீரர்கள் வீட்டுக்கு வரைந்த மடல்களே அவை.

அவற்றைப் படிப்போர் நெஞ்சம் நெகிழாதிருத்தல் அரிது. திங்களுக்கு 11 டாலர் ஊதியம் பெற்ற எளிய வீரன், பசியோடு நடந்த நாளிலும் பிள்ளைகளின் நலத்தையும் வயலின் விளைவையும் கேட்டெழுதினான். தாள் அருகியபோது, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மீண்டும் எழுதினான். பழைய உறையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பயன்படுத்தினான்.

ஆயினும், அவன் காத்து நின்ற அரசு எத்தகையது? 1861இல் இயற்றப்பெற்ற அதன் அரசமைப்புச் சட்டம் அடிமையுடைமையை வெளிப்படையாகவே காத்தது. கறுப்பினத்தார் வெள்ளையர்க்கு நிகரல்லர் என்பதே அவ்வரசின் மூலைக்கல் என்று, துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சவானா நகரில் முழங்கினார்.

வீரர் பலரிடம் அடிமைகள் இல்லை. 1862 முதல் கட்டாய ஆள்சேர்ப்பும் இருந்தது. அவர்கள் தம் மண்ணையே காத்தனர் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், வரலாற்றறிஞர் ஜேம்ஸ் மெக்பர்சன் ஆய்ந்த தென்னக வீரர் 429 பேரில், ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அடிமைமுறையை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார், மறுத்தெழுதியவர் ஒருவருமிலர்.

1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் அடிமைப்பட்டிருந்தோர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். கணவன் ஓரிடத்திலும் மனைவி வேறிடத்திலும் விற்கப்பட்டனர்; தாயின் கையிலிருந்து மகவு பிரிக்கப்பட்டது. அவர்களுக்கு எழுத்தறிவு புகட்டுவதையே தென்மாநிலங்கள் பல சட்டத்தால் தடுத்தன. பிரிந்த மகனுக்கு ஒரு வரி எழுதவும் அத்தாய்க்கு வழியில்லை. வீரன் எந்தப் பிரிவை எண்ணிக் கண்ணீர் வடித்தானோ, அந்தப் பிரிவையே பிறர்மீது நிலையாகச் சுமத்திய முறையைத்தான் அவன் துப்பாக்கி காத்தது.

அதனால் அம்மடல்களின் அன்பு பொய்யாகிவிடாது. அது மெய்யாக இருந்தமையே நம்மை அஞ்சச் செய்கிறது. கொடியவர் மட்டுமே கொடுமையைத் தாங்கி நிற்பதில்லை. நல்ல தந்தையரும் அன்பு மைந்தரும் தாங்கி நிற்பர். எனவே, ஒருவன் அன்பின் ஆழத்தை அளந்தால் மட்டும் போதாது. அதன் எல்லை எங்கே முடிகிறது என்றும் கேட்டல் வேண்டும். தன் பிள்ளைக்காக வடிக்கும் கண்ணீர், அயலான் பிள்ளையின் துயரையும் காணக் கற்பிக்கும்போதே அன்பு அறமாகிறது.