"பயப்பட ஒன்றுமில்லை"

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் என் ராத்தாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. "இனிக் கடல் வராது ராத்தா, பயப்பட ஒண்டுமில்ல" என்றேன்.

கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரின் கரையோரத் தெருக்கள் இருந்த இடத்தில் அந்நாட்களில் மணலும் உடைந்த கல்லுமே கிடந்தன. முந்திய மாதம் 26ஆம் திகதி காலை கடல் கொண்டுபோனவர்களில் ராத்தாவின் இளைய மகனும் ஒருவன். மூத்த மகளோடு அவர் வயற்பக்கம் இருந்த என் வீட்டில் தங்கியிருந்தார். இரவில் காற்றில் தகரம் சற்று அசைந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு விடியும்வரை படுக்கமாட்டார்.

நான் பாடசாலையில் புவியியல் படிப்பித்தவன். ஆகவே உலகப்படத்தை விரித்து, சுமாத்திரா எங்கே, நாம் எங்கே என்று காட்டி, இப்படியொரு நடுக்கம் ஒருவருடைய ஆயுளில் இரண்டு முறை வராது என்று விளக்கினேன். குடும்பத்தில் படித்தவன் நான் என்பதால் ராத்தா நம்பினார். சில நாட்கள் நன்றாகத் தூங்கவும் செய்தார். மார்ச் 28ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பிறகு, சுமாத்திராவை அடுத்த நியாஸ் தீவின் பக்கம் பூமி மறுபடியும் பெரிதாக நடுங்கியது. இலங்கையின் கரையோரம் முழுவதற்கும் எச்சரிக்கை வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வயல் வரம்புகளில் ஓடினோம். கடல் வரவில்லை. ஆனால் ஓடும்போது ராத்தா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு பல மாதங்கள் நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொன்னாலும் பானையைத் திறந்து பார்ப்பார்.

அஞ்சுகின்ற ஒருவரிடம் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டா? சிறிய கேள்விதான். ஒரு நாளில் எத்தனை தடவை அந்த வாக்கியத்தைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அது அவ்வளவு சிறியதல்ல என்று படுகிறது.

அடுத்த வருடம் ராத்தாவுக்கு வேறு விதமான தொல்லை தொடங்கியது. கடலை நினைக்காத வேளையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதுகூட, நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், விரல் நுனிகள் விறைக்கும். "மௌத்தாகப் போறன்" என்பார். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார் வைத்தியர். இருதயத்தில் கோளாறில்லை என்பது அதன் பொருள். ராத்தாவின் காதில் அது வேறு விதமாக விழுந்தது. பஸ்ஸில் வரும்போது, "அப்ப நான் நடிக்கிறனாடா தம்பி?" என்று கேட்டார்.

உடலில் நடப்பதை இப்போது என்னால் ஓரளவு சொல்ல முடியும். ஆபத்து என்று மூளை கருதியதும் அதிரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்யும் ஆயத்தம் அது. ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே அளவுக்கு மீறி மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகிறது. விரல் விறைப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். ஆக, ராத்தா நடிக்கவில்லை. ஓட வேண்டிய ஓட்டத்தை அவருடைய உடல் குசினியில் இருந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

அச்சத்துக்கும் பதகளிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மெய்யியலாளர்கள் முன்பே பேசியிருக்கிறார்கள். டென்மார்க்கின் கீர்க்கேகார்ட் 1844இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். அச்சத்துக்கு ஒரு பொருள் உண்டு: பாம்பு, கடல், துவக்கு. பதகளிப்புக்குச் சுட்டிக்காட்ட ஒரு பொருள் இல்லை. ஆனபடியால்தான் என் உலகப்படம் தோற்றது. ராத்தாவின் பயம் கடலைவிட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டிருந்தது. நான் இன்னும் கடலைப் பற்றியே அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

யாரோ சொல்லி ஓர் உளமருத்துவக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். வைத்தியரைக் காணக் காத்திருந்தபோது, வராந்தாவிலேயே ராத்தாவுக்கு அது வந்துவிட்டது. ஒரு தாதி வந்து வாங்கில் அவருக்கு அருகில், தொடாமல், சற்று இடம்விட்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தமிழ் ஊரைச் சேர்ந்தவர். "அக்கா, இப்ப பயம் வந்திருக்கு. இது ஏறும், பிறகு இறங்கும். நான் எழும்பிப் போகமாட்டன்" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் பேசவில்லை. தன்னுடைய மூச்சை ஆறுதலாக விட்டுக்கொண்டு இருந்தார். எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒரு மருந்து இல்லை, நல்ல வார்த்தை நாலு இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன். சுமார் கால் மணி நேரத்தில் ராத்தாவின் தோள்கள் தளர்ந்தன. பிறகுதான் அந்தத் தாதி அவருடைய பெயரைக் கேட்டார்.

(வைத்தியர் மாத்திரையும் எழுதினார். அதுவும் உதவியது. மருந்தை இகழ்வது என் நோக்கமன்று.)

அந்த வராந்தாவில் நடந்தது என்ன என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. ராத்தாவின் மகள் தாதியர் பயிற்சிக்குப் போனாள். விடுமுறையில் அவள் கொண்டுவந்த ஆங்கிலப் பாடநூலைப் புரட்டியபோது ஹில்ட்கார்ட் பெப்லோ என்ற பெயரைக் கண்டேன். 1909இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். சிறுவயதில் 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் குடும்பங்களை என்ன செய்தது என்பதைக் கண்ணால் கண்டவர். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் இராணுவ உளமருத்துவமனையில் பணியாற்றியவர். தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே தாதிமையின் அடிப்படை என்று கூறும் அவரது நூல் 1952இல் வெளிவந்தது. கையெழுத்துப் பிரதி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. வைத்தியர் ஒருவரின் பெயர் கூட இல்லாமல் ஒரு தாதி தனியாக நூல் எழுதுவதா என்ற தயக்கமே தாமதத்துக்குக் காரணம். எழுத்துலகில் இருக்கும் நமக்கு இந்தச் செய்தி அவ்வளவு ஆச்சரியமாக இராது.

தாதி நோயாளியிடம் பல பாத்திரங்களில் வருகிறார் என்கிறார் பெப்லோ: ஆசிரியர், ஆலோசகர், தாய்க்குப் பதிலானவர் என்று. ஆனால் அவர் முதலில் வைப்பது அந்நியர் என்ற பாத்திரத்தை. நோயாளிக்குத் தாதி முதலில் ஓர் அந்நியர். ஓர் அந்நியருக்குக் காட்டும் மரியாதையோடு அவரை அணுக வேண்டும். வராந்தாவில் இருந்தவர் தொடாமல் இடம்விட்டு உட்கார்ந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானோ ராத்தாவின் தம்பி என்ற உரிமையில் நேரே அவருடைய பயத்துக்குள் செருப்போடு நுழைந்தவன்.

பதகளிப்பைப் பெப்லோ நான்கு படிகளாகப் பார்த்தார். மெல்லிய பதகளிப்பு நல்லது, பரீட்சைக்கு முந்திய நாள் மாணவனைப் படிக்கவைப்பது அதுதான். நடுத்தர நிலையில் கவனம் ஒடுங்கும், ஆனால் சொல்லிக் கொடுத்தால் விளங்கும். கடுமையான நிலையில் துண்டு துண்டான சிறு விபரங்களே கண்ணில் படும், அவற்றைக் கோத்துப் பார்க்க முடியாது. கடைசியானது பீதி. அந்த நிலையில் வாதம், விளக்கம், உபதேசம் எதுவும் உள்ளே போகாது. குறுகிய வசனங்கள் பேச வேண்டும், கூடவே இருக்க வேண்டும். ஹரி ஸ்டக் சலிவன் என்ற உளமருத்துவரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு கருத்து, பதகளிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பது. தாயின் பதகளிப்பு கைக்குழந்தைக்குப் போவதைப் போல. எனவே தாதி முதலில் கவனிக்க வேண்டியது தன்னுடைய பதகளிப்பை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். 2005 ஜனவரியில் உலகப்படத்தை விரித்தவன் யாருடைய பயத்தைத் தணிக்க விரித்தான்? இரவு முழுதும் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் படுத்தால் நானும் தூங்கலாம். "பயப்பட ஒன்றுமில்லை" என்பதில் "உன் பயத்தை எனக்குக் காட்டாதே" என்பதும் கலந்திருந்தது.

பீதியில் இருப்பவருக்கு உபதேசம் உள்ளே போகாது என்றால், அவரைக் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. நம்மவர்கள் இதில் தாராளமானவர்கள். ஊரில் ராத்தாவைப் பார்க்க வந்த பலர் அது ஈமான் குறைவு என்றே சொல்லிப் போனார்கள். தவக்குல் வைத்தவருக்குப் பயம் வருமா என்று கேட்டார் ஒரு மாமி. தொழுகையை விடாத, மகனுக்காக நாள்தோறும் ஓதுகிற ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஹிராக் குகையிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) நடுங்கியபடி வீடு வந்த சம்பவத்தை மேடைகளில் நூறு தடவை கேட்டிருக்கிறோம். போர்த்தும்படி அவர்கள் கேட்டபோது கதீஜா (ரலி) முதலில் செய்தது போர்த்திவிட்டதுதான். நடுக்கம் தணிந்த பிறகே பேசினார்கள். பேசியபோதும், நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. உறவைப் பேணுபவர், வறியவருக்கு உதவுபவர், அப்படிப்பட்டவரை இறைவன் கைவிடமாட்டான் என்று, தாம் கண்டறிந்தவற்றை வைத்து ஆறுதல் சொன்னார்கள். பிறகு விடயம் தெரிந்த ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். அந்த மாமியும் இந்தச் சம்பவத்தைக் கேட்டவர்தான், நானும் கேட்டவன்தான்.

உளநோய் பற்றிய பேச்செல்லாம் மேற்கிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்ஹி, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதியவர். அச்சத்தையும் துயரத்தையும் விடாது துரத்தும் எண்ணங்களையும் வெவ்வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் தேடியவர். யாரையும் ஏசுவதற்காக அவர் அதை எழுதவில்லை.

இவ்விடயத்தைக் கவிஞர் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் உடன்படவில்லை. "ஆறுதல் சொல்லை நீங்கள் தகவல் போல எடுத்துக்கொள்கிறீர்கள். விழுந்த பிள்ளையிடம் உம்மா 'ஒண்டுமில்ல மனே' என்கிறாள். முழங்காலில் இரத்தம் வடிகிறது. உம்மா பொய் சொல்கிறாளா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பின்னர் யோசித்தேன். உம்மா அதைச் சொல்லும்போது பிள்ளை அவள் மடியில் இருக்கிறது. அவள் மடியில் வைத்திருப்பது உண்மை, சொல் அதன் ஓசை மட்டுமே. நான் சொன்னபோது மடி இல்லை, உலகப்படம்தான் இருந்தது. எனினும் நண்பரின் வாதம் முழுதாகத் தோற்றுவிட்டது என்று நான் எண்ணவில்லை. மரணப் படுக்கையில் வாப்பா "சுகமாகிருமா?" என்று கேட்டபோது நாங்கள் எல்லோரும் "ஓம்" என்றோம். அதை இன்றும் என்னால் பிழை என்று சொல்ல முடியவில்லை, சரி என்று சொல்லவும் நா வரவில்லை.

ஆனால் அந்தத் தாதியின் மூன்று வசனங்களை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். பயம் வந்திருக்கிறது என்றார். அது கண்முன்னே இருந்தது. ஏறும், இறங்கும் என்றார். அது அவருடைய தொழில் அறிவு. எழும்பிப் போகமாட்டேன் என்றார். அது அவருடைய கையில் இருந்தது. தன்னிடம் இல்லாத எதையும் அவர் தருவதாகச் சொல்லவில்லை. நானோ கடலின் சார்பில் வாக்குக் கொடுத்தேன். நாளைக்குச் சந்தைக்குப் போவதற்கே இன்ஷா அல்லாஹ் சொல்பவன், அன்றைக்கு அதையும் மறந்தேன்.

அவருடைய வீடும் கரையோரத்தில்தான் இருந்ததென்று பின்னர் அறிந்தேன். எங்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. ராத்தாவிடமும் சொல்லியிருக்கவில்லை. அது மறைத்தலா, மரியாதையா என்று மருமகளிடம் கேட்டேன். "அங்க நோயாளி உம்மாதானே மாமா, அவ இல்லையே" என்றாள்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் பெரிய நடுக்கம் ஏற்பட்டு, எச்சரிக்கை வந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராத்தாவின் புதிய வீட்டுக்கு ஓடினேன். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாம் வைத்த பை எப்போதும்போல் கதவோரம் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கை நடுங்கியது.

"வருமா தம்பி?"

"எனக்குத் தெரியா ராத்தா. வயற்பக்கம் போவம். நான் உங்களோடதான் வருவன்."

வழியில் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன். கால்வாய்ப் பாலத்தைக் கடந்ததும் சற்று நின்றார்.

"மெதுவா நட" என்றார். "எனக்கு முழங்கால் நோகுது."