முதல் ஊசி யாருடைய கையில்?

செவிலியர் கல்லூரியில் யாரும் வகுப்பெடுக்காத ஒரு கேள்வி உண்டு. ஒரு பெண் தன் முதல் ஊசியை யாராவது ஒருவருடைய கையில் போட்டே ஆக வேண்டும். அந்த ‘யாராவது’ யார்? அதை முடிவு செய்வது யார்?

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் எஜுகேட்டராக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் செவிலியர்களை வார்டில் பக்கத்தில் நின்று பழக்குவது என் பொறுப்பு. சொந்தக்காரர்கள் ‘அப்போ நீ டீச்சரா, நர்ஸா?’ என்று கேட்பார்கள். ரெண்டும்தான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு கட்டிலின் அருகே, ஊசியோடு நிற்கும் பெண்ணையும் கையை நீட்டிப் படுத்திருக்கும் மனிதரையும் சேர்த்துப் பார்த்தபடி நிற்கும்போது அந்தப் பதில் போதவில்லை. டீச்சருக்கு அந்தப் பெண் இன்னொரு முறை முயன்று பார்க்க வேண்டும். நர்ஸுக்கு அந்த மனிதருக்கு இன்னொரு குத்து விழக்கூடாது.

வென்ஃபிளான் போடுவதுதானே, இதில் என்ன தத்துவம் என்று தோன்றலாம். (வென்ஃபிளான் ஒரு பிராண்டின் பெயர். ஜெராக்ஸ் மாதிரி எங்கள் வார்டுகளில் அது பொதுப்பெயராகிவிட்டது.) மேல்கையில் பட்டையைக் கட்டி, ரத்தக்குழாயை விரலால் தடவிக் கண்டுபிடித்து, 15 முதல் 30 டிகிரி சாய்வில் ஊசியை விட்டு, பின்பக்கச் சிமிழில் ரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து, ஊசியை அங்கேயே நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் குழலை மட்டும் முன்னே தள்ள வேண்டும். எழுதினால் நாலு வரி. செய்யும்போது, வயதானவர்களின் குழாய் விரலுக்கடியில் வழுக்கி ஓடும். கீமோ எடுத்தவர்களின் கையில் குழாய் கயிறுபோல இறுகியிருக்கும். வயிற்றுப்போக்கோடு வருபவர்களுக்குத் தொட்டால் எதுவுமே தட்டுப்படாது. ‘எனக்கு நரம்பே கிடைக்காது சிஸ்டர்’ என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். ரத்தக்குழாயை நரம்பு என்று சொல்லக்கூடாது என்று மாணவிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். ஊரே அப்படித்தான் சொல்கிறது.

அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் பாட்ரீசியா பென்னர் 1984-இல் எழுதிய புத்தகத்தில், ஒரு செவிலி கற்றுக்குட்டியிலிருந்து நிபுணராவதை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் இருப்பவருக்கு விதிகள் மட்டும்தான் தெரியும். கடைசிப் படியில் இருப்பவர் விதியை நினைப்பதுகூட இல்லை, பார்த்ததும் புரிந்துகொள்கிறார். எங்கள் பாடத்தில் இதைக் கட்டாயம் சொல்லித்தருகிறோம். படிகள் எதன்மேல் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் சொல்வதில்லை. ஒவ்வொரு படியும் சிலருடைய கைகள்.

சரி, யாருடைய கைகள்? எந்த மருத்துவமனையிலும் இதற்கு எழுதிவைத்த விதி இருக்காது. டியூட்டி போடும்போது ஒருவர் சாதாரணமாகச் சொல்வார்: “புதுசா? ஜெனரல் வார்டுல விடுங்க. கேஸ் நிறைய வரும், கை பழகிடும்.” டீலக்ஸ் ரூம்கள் இருக்கும் தளத்துக்கு அனுபவம் உள்ளவர்கள் போவார்கள், அங்கே புகார் வந்தால் பெரியதாக வரும் என்பதால். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் மாதக்கடைசியில் கணக்குப் பார்த்தால், தவறிய ஊசிகள் எல்லாம் ஒரு தளத்திலும், தவறாத ஊசிகள் எல்லாம் இன்னொரு தளத்திலும் சேர்ந்திருக்கும். அரசு மருத்துவமனைகளில் இது இன்னும் வெளிப்படை. ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டு மாணவிகள் நோட்டுப்புத்தகத்தோடு நிற்பதைப் பார்க்காதவர்கள் யார்? அங்கே பழகிய கைகளில் பல பிறகு வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகின்றன. போகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். இங்கே கொடுக்கிற சம்பளத்தைப் பார்த்தால் போகாதவர்கள்தான் ஆச்சரியம். கற்றுக்கொடுத்த கை எங்கே இருக்கிறது என்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: இன்று ஒருவர் கொஞ்சம் வலி தாங்குகிறார், நாளை எல்லோருக்கும் நல்ல செவிலி கிடைக்கிறாள். சீட்டு மாதிரி, எல்லோரும் கட்டுகிறார்கள், எல்லோருக்கும் முறை வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிலர் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க, வேறு சிலர் கட்டாமலே எடுத்துக்கொண்டு போகும் சீட்டை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

உள்ளே இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எங்கள் ஸ்டாஃப் யாராவது காய்ச்சலோடு அட்மிட் ஆனால் முதலில் கேட்பது, “அந்த அக்கா டியூட்டில இருக்காங்களா? அவங்களை வரச்சொல்லுங்க.” அறுவைசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே 2002-இல் வெளியான ‘காம்ப்ளிகேஷன்ஸ்’ நூலில் இதை மறைக்காமல் பேசுகிறார். பயிற்சி மருத்துவர்கள் நோயாளிகளின் உடலில்தான் கற்க வேண்டியிருக்கிறது என்று வாதிடும் அவரே, தன் கைக்குழந்தைக்கு இதயக் கோளாறு என்று வந்தபோது, பயிற்சியில் இருந்தவரை விட்டு மூத்த மருத்துவரைத் தேர்ந்தெடுத்ததை எழுதுகிறார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெற்றவர் வேறென்ன செய்வார்? ஆனால் தேர்ந்தெடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் விலகிக்கொண்டால், மிச்சமிருப்பது அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதவர்களின் கைகள்தான்.

பொம்மை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்காக மார்த்தா சேஸ் என்ற பொம்மை தயாரிப்பாளர் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்துகொடுத்தார். ‘மிஸஸ் சேஸ்’ என்று பெயர். தலைமுறை தலைமுறையாக மாணவிகள் அவளைப் புரட்டிப் படுக்கவைத்துப் பழகினார்கள். நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதப் பழகும் பொம்மையை 1960-இல் நார்வேயின் பொம்மை வியாபாரி ஆஸ்மண்ட் லேர்டால் கொண்டுவந்தார். அதன் முகம், பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சிலிருந்து எடுக்கப்பட்டது. கதை உண்மையோ இல்லையோ, அந்த முகத்துக்கு உரியவளை யாரும் கேட்கவில்லை. வலிக்காத உடலைச் செய்யும்போதுகூட, கேட்காமல் ஒருத்தியிடமிருந்து எடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

பொம்மையைக் குறைத்துச் சொல்லவில்லை. மாணவிகளின் வார்டு நேரத்தில் பாதிவரை செயற்கைப் பயிற்சியால் ஈடுசெய்யலாம், விளைவில் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. நானும் பொம்மைக் கையில் நன்றாகப் பழகாத யாரையும் வார்டுக்குள் விடுவதில்லை. ஆனால் பொம்மை கையைச் சடாரென்று இழுக்காது. ‘ஐயோ அம்மா’ என்று கத்தாது. பக்கத்தில் நின்று முறைக்கும் மகன் அதற்குக் கிடையாது. பொம்மைக்குப் பிறகும் ஒரு முதல் மனிதர் இருக்கிறார்.

எனக்கு உண்மையில் கஷ்டமான இடம், எப்போது ஊசியை வாங்கிக்கொள்வது என்பதுதான். அவள் கை தயங்குகிறது. நோயாளி முகத்தைச் சுளிக்கிறார். நான் வாங்கிப் போட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அவர் நன்றி சொல்வார். ஆனால் அடுத்த வாரம் இவளுக்கு நைட் டியூட்டி. இரவு 2 மணிக்கு ஒருவருக்கு ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும்போது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். டாக்டர் மாடியேறி வருவதற்குள் ஒரு வழி திறந்துவைக்க வேண்டும். அப்போது இவளுடைய கைதான் இருக்கும். அந்த 2 மணி மனிதரின் முகம் எனக்குத் தெரியாது, அவர் இன்னும் அட்மிட்கூட ஆகவில்லை. கண்ணெதிரே வலிப்பவருக்காக அவரைக் கைவிடலாமா? அல்லது, இன்னும் வராத ஒருவரின் பெயரைச் சொல்லி, வந்து படுத்திருப்பவரைக் குத்தவிடலாமா? இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. நாளைய நன்மை என்ற பெயரில் இன்றைக்கு எதையும் நியாயப்படுத்திவிட முடியும்.

அதனால் எனக்கென்று இரண்டு பழக்கங்கள் வைத்திருக்கிறேன். புதியவளுக்கு ஒரே ஒரு முயற்சி, தவறினால் என் கை. இன்னொன்று, உண்மையைச் சொல்லிவிடுவது. பல இடங்களில் ‘இவங்க நல்லா போடுவாங்க’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அது சின்னப் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யோடு அவர் ஒரு மனிதர் என்பது போய், ஒரு கை மட்டும் மிச்சமாகிறது.

கட்டட வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன்: “அம்மா, இந்தப் பொண்ணு புதுசு. பொம்மையில நல்லா பழகியிருக்கா, ஆனா மனுஷங்க கையில இதுதான் முதல் தடவை. நான் பக்கத்துலயே நிப்பேன். வேண்டாம்னா நானே போட்டுடறேன்.”

அவர் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். “எங்க வீட்டுக்காரரு மொதமொதல்ல பூசுன சுவரு இன்னும் கோணலாத்தான் நிக்குது. அதுலயும் யாரோ குடியிருக்காங்க. போடச் சொல்லு சிஸ்டர்” என்றார்.

அந்தப் பதிலைப் பல நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு உறுத்தத் தொடங்கியது. சுவருக்கு வலிக்காது. அதைவிட, அவரால் உண்மையில் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க முடியுமா? ஜெனரல் வார்டில் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் பிறகு சரியாகக் கவனிக்கமாட்டார்களோ என்று நினைக்கிறார்கள். அந்தச் சம்மதத்தில் எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு பயம் என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. இப்போதெல்லாம் மாணவியை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகப் போய்க் கேட்கிறேன். அவள் முகத்துக்கு நேரே மறுப்பது யாருக்கும் சுலபமில்லை.

டீலக்ஸ் ரூமிலும் இதையே, இதே வார்த்தைகளில் கேட்கிறேன். மேலதிகாரி ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. “காசு கொடுத்து வர்றவங்ககிட்ட இதையெல்லாம் ஏன் சொல்றீங்க?” என்றார். ஜெனரல் வார்டுக்காரர்களும் காசு கொடுத்துத்தான் வருகிறார்கள், பலர் நகையை அடகு வைத்து. டீலக்ஸில் பலர் மறுப்பார்கள். வாதாடமாட்டேன், மறுப்பது அவர்கள் உரிமை. ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கையை நீட்டிவிட்டு, “என்கிட்ட முதல் வருஷம் படிச்ச பசங்க பாவம்தான்” என்றார். கேட்டிருக்காவிட்டால் அவருக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது.

ஐசியூவில் இதெல்லாம் செல்லாது. வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் இருப்பவரிடம் யார் கேட்பது? மகளிடம் கேட்கலாம், ஆனால் வலி மகளுடைய கையில் இல்லை. அங்கேயும் புதியவர்கள் பழகத்தான் வேண்டும். முதலில் அவர் காதருகே குனிந்து பேசச் சொல்கிறேன்: “ஐயா, உங்க கையில ஊசி போடப்போறேன். எனக்கு இது ரெண்டாவது தடவை.” சிலர் கூச்சப்பட்டுச் சிரிப்பார்கள். கேட்காதவரிடம் எதற்கு மேடம் என்று போன வாரம் ஒருத்தி கேட்டாள். சொல்லிவிட்டுப் போடு என்றேன். சொன்னாள். மானிட்டரில் எந்த மாற்றமும் இல்லை. அவள் மட்டும் பட்டையைக் கட்டுவதற்கு முன்னால் அவருடைய கையை ஒருமுறை நேராகத் திருப்பி வைத்தாள்.