தூணுக்கு அப்பால் நிற்பவள்

ஓமலூருக்கு அருகிலுள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்வோர், இராமன் வில்லேந்தி நிற்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலி தெரிவதையும், வாலியின் இடத்திலிருந்து நோக்கினால் இராமன் தெரியாமற் போவதையும் கண்டு, சிற்பியின் சாமர்த்தியத்தை வியந்து திரும்புவது வழக்கம். மூளையில் புற்றுநோய் கண்ட கணவனுக்குப் பணிவிடை செய்த ஒருத்தியை இப்பக்கத்தில் அறிந்தது முதல், எனக்கு அச்சிற்பம் வேறொன்றையும் சொல்லி வருகிறது: அவள் கண்ணில் அவன் சதா இருந்தான், அவனுக்கோ, பார்க்க வந்த பந்துக்களுக்கோ அவள் தெரியவில்லை.

ஆறு வாரங்களில் 30 முறை கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, ஊர்ப்பேச்சில் ‘கரண்டு வைக்க’, அவனைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் வந்ததையும், வலிப்புக்குப் பயந்து கண்விழித்துக் கிடந்த இரவுகளையும் அவள் பொருட்படுத்தவில்லை. இருபது வருஷம் அதிர்ந்து பேசியறியாத மனுஷன், பிசைந்து வைத்த ரசஞ்சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டு, “ஆருடி நீ?” என்று கேட்ட அன்றுதான், சிந்திய பருக்கைகளைக் கூட்டி அள்ளி, அவன் கையையும் கழுவித் துடைத்துவிட்டு, புழக்கடைக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள்.

அந்தக் கோபம் யாருடையது? 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில், அந்தக்கரணங்களுள் ஒன்றாக ஆன்மாவைக் கொள்ளலாகாது என்று வரையறுத்தார். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் யாவும் ஆன்மாவுக்குக் கருவிகளே. மூளையின் முன்பகுதியில் வளரும் கட்டி மனிதனின் சுபாவத்தையே மாற்றக்கூடும் என்றும், வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையே சிலருக்கு ஆத்திரத்தையும் தூக்கமின்மையையும் உண்டாக்கும் என்றும் வைத்தியர்கள் சொல்வதை அச்சித்தாந்தத்தோடு சேர்த்து எண்ணினால், பழுதுற்ற கருவியின் குற்றத்தை அவன்மேல் ஏற்றுவது நியாயமன்று என்பது விளங்கும்.

இதை ஊரும் ஒப்புக்கொள்கிறது. ஆயினும், நள்ளிரவில் துணி மாற்றிப் படுக்கையைத் திருத்திவிட்டு அயர்ந்து உட்கார்ந்தவளுக்கு, ‘இது முடிந்துவிட்டால் தேவலை’ என்றொரு நினைவு எழுமானால், அதைப் பாபமென்று அவளே நடுங்குகிறாள். முன்வினை என்றும் பதிவிரதா தர்மம் என்றும் பேசும் உறவினர் அந்நடுக்கத்தை வளர்க்கிறார்கள். சோர்ந்துபோன அவள் மனமும் ஒரு கருவிதானே? அவனுக்குக் காட்டும் நியாயத்தை அவளுக்கு மறுக்கும் தர்மம் பாதித் தர்மமே.

ஆகையால், நோயாளியைக் காணப் பழம் வாங்கிப் போகிறவர்கள் சற்று அதிகநேரம் தங்குங்கள். அவனருகே நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவளை இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.