கானானில் முன்பே இருந்தவர்கள்

கேரளத்து உடும்பஞ்சோலை மலையில் பிள்ளைகளுக்கு மீட்பு வரலாறு சொல்லிக்கொடுப்பது சமவெளியில் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். எகிப்தில் அடிமைகள், பாலைவனத்தில் நாற்பது ஆண்டுகள், பிறகு வாக்களிக்கப்பட்ட நாடு என்று நான் சொல்லிக்கொண்டு போகும்போதே ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கதைக்குள் ஒவ்வோர் இடத்தில் போய் நின்றுவிடுகிறது. ஏலத்தோட்டத்து லயத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு இந்த மலையே எகிப்து. பக்கத்துப் பங்கில் மலையாளத்தில் வேதபாடம் படிக்கிற, குடியேற்ற விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதே மலை கானான். மன்னான் பழங்குடியில் பிறந்த பிள்ளைக்கோ இது பாட்டன் தேனெடுத்த காடு. மூவரும் வாரநாளில் ஒரே பள்ளிக்கூடத்துப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். கடவுளின் கதையில் இவர்களை எங்கே நிறுத்துவது? மறைக்கல்வி ஆசிரியர் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட முடியாது.

என் அம்மா காலத்தில் இது எழவே இல்லை. உபதேசியார் கேள்வி கேட்பார், பிள்ளைகள் மனப்பாடமாகப் பதில் சொல்வார்கள். சின்னக் குறிப்பிடம் என்ற அந்தக் கேள்வி-பதில் நூலை அம்மா தள்ளாத வயதிலும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்வார். கடைசிப் படுக்கையில் அதுதான் அவருக்குத் துணையாக இருந்தது. அதனால் அந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் கடவுள் யார் என்பதற்கு அதில் நல்ல விடைகள் இருந்த அளவுக்கு, அவர் என்ன செய்தார் என்பதற்கு இடம் இல்லை. ஆஸ்திரியாவின் இயேசு சபைக் குரு யுங்மான் 1936இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி ஒரு நூல் எழுதினார். அது கிளப்பிய விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, கடவுள் செயலாலும் சொல்லாலும் சேர்த்தே தம்மைக் காட்டுகிறார் என்று திருச்சபையே சொல்லிவிட்டது. நம் நாட்டில் அதைப் பங்குகள்வரை கொண்டுவர உழைத்தவர் ஒரு தமிழர்: 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அமலோற்பவதாஸ் அடிகளார்.

இன்றைய பாடநூல்களில் ஆபிரகாமிலிருந்து கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கோடு நல்லதுதான். மோசேக்குப் பிறகு தாவீது, தாவீதுக்குப் பிறகு பாபிலோன் என்று வரிசை தெரியாத பிள்ளைக்குக் கதை பிடிபடாது. ஆனால் அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பவுல் உரோமையில் வீட்டுக்காவலில் இருக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது.

கி.பி. 400 வாக்கிலேயே அகுஸ்தினார் அப்படி நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறார். கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ், தாம் சொல்லித்தருவது தமக்கே சலிப்பாக இருக்கிறதே என்று வருந்தி அவரிடம் வழி கேட்டார். அதற்கு அகுஸ்தினார் எழுதிய பதில் ஒரு சிறு நூலானது. படைப்பில் தொடங்கித் திருச்சபையின் இன்றைய காலம்வரை கதையைக் கொண்டுவா என்கிறார். எல்லாவற்றையும் ஒப்பிக்காதே, முக்கியமான சிலவற்றில் நின்று பிரித்துக் காட்டு என்கிறார். கேட்க வந்தவர் எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்று முதலில் விசாரி, களைத்துப்போய் நின்றால் நாற்காலி கொடுத்து உட்காரவை என்றும் சொல்கிறார். எனக்கு இந்தக் கடைசி யோசனைதான் உயிர். ஆடி மழையில் நனைந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காலைச் சாப்பாடும் இல்லாமல் வந்து உட்காரும் பிள்ளையிடம் நேரே ஆபிரகாமைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது முறையாகாது. எங்கள் பங்கில் தாய்மார் முதலில் கட்டஞ்சாயாவும் பன்னும் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் நான் மறைக்கல்வியின் பகுதியாகத்தான் எண்ணுகிறேன்.

எகிப்து பாடத்தில் எனக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. வைக்கோல் தரமாட்டேன், செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்று பார்வோன் கட்டளையிட்டதைச் சொன்னவுடன் ஒரு சிறுமி எழுந்து, "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் டீச்சர், செடியில காய் இல்லாதப்பவும் கிலோ குறையக் கூடாதுங்கறாங்க" என்றாள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையில் படரும் சரத்தில்தான் காய் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுத்து, சாயங்காலம் ஸ்டோர் வாசலில் தராசில் நிறுக்க வேண்டும். அந்தத் தராசைத் தெரிந்த பிள்ளைக்கு மன்னா கதை எவ்வளவு பெரிய செய்தி! அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவனுக்குக் குறையவுமில்லை. கிலோக் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு கணக்கு கடவுளிடம் இருக்கிறது என்பதை அந்தச் சிறுமிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மோசேக்கு முன்னால் இரண்டு பெண்களைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தைத் தொடங்குவதில்லை. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் பேச்சைக் கேட்காத மருத்துவச்சிகள் சிப்ராவும் பூவாவும்தான் அவர்கள். விடுதலைப் பயண நூல் அந்தப் பார்வோனின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டு, இந்த இருவரின் பெயரையும் பதிந்து வைத்திருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள், ஆண் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு, பெம்பிளை ஒருமை என்று சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஜெபமாலை சொல்லும் பெண்கள். அந்த நாட்களை மீட்பு வரலாற்று வகுப்பில் சொல்வது சரிதானா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. சரிதான். அடிமைகளின் கூக்குரலைக் கேட்டேன் என்று சொன்ன கடவுள், அந்தக் கேட்கும் வழக்கத்தைச் சீனாய் மலையோடு விட்டுவிட்டதாக விவிலியத்தில் எங்கும் இல்லை.

இதுவரை சொல்வது எளிது. யோசுவாவிடம் வரும்போதுதான் எனக்குத் தொண்டை அடைக்கும். "கானான்ல அவங்களுக்கு முன்னாடி யார் டீச்சர் இருந்தாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி என்று அவனை எழுந்து நிற்கவைத்துச் சொன்னேன். ஏனென்றால் இந்த மலையின் கேள்வியும் அதுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பஞ்சத்தில் திருவிதாங்கூர் அரசே காட்டைத் திருத்திப் பயிர்செய்ய இடம் கொடுத்தது. 1950களில் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு கல்லாறு பக்கம் குடியேற்றக் காலனிகள் அமைத்தது. மலேரியாவுக்கும் யானைக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்து மேலே வந்த அந்தக் குடும்பங்கள், தங்களை இஸ்ரயேலராக எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை. 1961இல் அய்யப்பன்கோவிலில் ஆயிரக்கணக்கானோர் குடியிறக்கப்பட்டபோது, அமராவதியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். அவர்கள் பட்டது உண்மையான பாடு. கூலிக்கு வந்த எங்கள் தாத்தாக்கள் பட்டதும் உண்மையான பாடு. ஆனால் இரு கூட்டமும் மேலே ஏறி வந்தபோது காடு ஆளில்லாமல் கிடக்கவில்லை. மன்னான் மக்களுக்குக் கோவில்மலையில் இன்றும் அரசர் இருக்கிறார். முதுவரும் நெடுங்காலமாக மலையில் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தோம் என்பார்கள்.

யோசுவா நூலில் உள்ள போர்களைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் கூடாது, கொண்டாடவும் கூடாது. நான் மூன்று இடங்களைச் சேர்த்து வாசிக்கவைக்கிறேன். ஒன்று, எரிகோவின் இராகாபு. கானான் பெண்ணான அவள் பெயர் மத்தேயு எழுதிய இயேசுவின் தலைமுறைப் பட்டியலில் இருக்கிறது. மோவாபியப் பெண் ரூத்தும் அதில் இருக்கிறாள். ஆக, முன்பே அங்கிருந்தவர்களின் இரத்தமும் ஆண்டவரின் உடலில் ஓடியது. இரண்டு, எகிப்தில் அந்நியராக இருந்ததை நினைத்து உங்களிடம் வரும் அந்நியரை ஒடுக்காதீர்கள் என்று சட்டம் மறுபடி மறுபடி கட்டளையிடும் இடம். மூன்று, லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம். நிலம் கடவுளுடையது, இஸ்ரயேலர் அவரிடம் தங்கியிருக்கும் அந்நியரும் இரவல் குடிகளும்தான் என்று அங்கே இருக்கிறது. பட்டயம், சி.எச்.ஆர். எனும் ஏலமலைக் காப்பு நிலம், நீதிமன்றம் என்ற பேச்சைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இந்த மூன்றாவது பகுதியை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். என் விடையும் இங்கேதான் இருக்கிறது. எகிப்தில் நின்றாலும் கானானில் நின்றாலும், அந்நியனாக இருந்த நினைவோடு நிற்கிற பிள்ளைக்குத்தான் மீட்பு வரலாறு தெரியும். அந்த நினைவை இழந்துவிட்டால், விடுதலை பெற்றவன் வீட்டிலேயே அடுத்த பார்வோன் பிறந்துவிடுவான்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. எழுபது பேர், எல்லாம் தோட்டத் தமிழர்கள். அதன்பிறகு நோவா கதையை நான் பழையபடி சொல்லவில்லை. நோவாவை மட்டும் காப்பாற்றிய கடவுளைப் பற்றி அந்த மழையில் பேச வாய் வரவில்லை. யோபுவிடம் போனேன். அதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1741இல் குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்ட டச்சுத் தளபதி தெ லனாய், கால்நடைகளை இழந்து குடும்பக் கஷ்டத்தில் சோர்ந்திருந்த நீலகண்டப் பிள்ளைக்கு யோபுவின் கதையைத்தான் சொன்னார். உபதேசியார் யாரும் சொல்லவில்லை, ஒரு போர்க்கைதி சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அந்த நீலகண்டப் பிள்ளைதான் 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம். 2022 மே 15 அன்று திருத்தந்தை அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவரைக் கொன்ற திருவிதாங்கூர் அரசின்கீழ்தான் பின்னாளில் எங்கள் மலையும் இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

ஆண்டவரே ஒருமுறை மீட்பு வரலாற்றைப் பாடமாக எடுத்திருக்கிறார். எம்மாவு சாலையில் மோசேயிலிருந்து தொடங்கி இறைவாக்கினர் எல்லாரையும் விளக்கினார். ஆனால் முதலில் அவர் கேட்டது, நடந்துகொண்டே என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்றுதான். சிலுவையில் முடிந்துபோனது என்று நினைத்த இருவரின் துக்கத்தை முழுக்கக் கேட்ட பிறகே அவர் வேதத்தைப் பிரித்தார். அவ்வளவு விளக்கியும் அவரை அவர்கள் அடையாளம் கண்டது வகுப்பில் இல்லை, சாப்பாட்டு மேசையில் அப்பத்தைப் பிட்டபோதுதான். மறைக்கல்வி பூசையோடு ஏன் ஒட்டியிருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்கும்போது நான் இதைத்தான் சொல்கிறேன். கதையை வகுப்பில் கேட்கிறோம். கதையின் நாயகரைப் பீடத்தில் பெறுகிறோம்.

இப்போது எங்கள் வகுப்பில், திருத்தூதர் பணிகள் முடிந்ததும் நோட்டில் கோடு தொடர்கிறது. கொடுங்ஙல்லூருக்கு வந்த தோமா, மதுரைக்கு வந்த நொபிலி, ஓரியூரின் அருளானந்தர், தேவசகாயம், 1930இல் உருவான விஜயபுரம் மறைமாவட்டம். அதற்குக் கீழே ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்: முதலில் மலையேறியது யார், போடிமெட்டு வழியா கம்பம்மெட்டு வழியா, எந்தக் கங்காணி கூட்டிவந்தார், முதல் திருமுழுக்கு எந்தக் கோயிலில், யார் சோறு போட்டார்கள். இராயப்பன்பட்டியிலிருந்து வந்த ஒரு தாத்தா, வந்த முதல் மழைக்காலத்தில் தனக்குக் கிழங்கு கொடுத்தது ஒரு மன்னான் குடும்பம் என்று பேரனிடம் சொல்லியிருந்தார். அதுவரை வீட்டில் யாரும் கேட்டதில்லையாம்.

இந்த ஆண்டு ஜார்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். தமிழ் இப்போதுதான் பழகுகிறான். அவன் நாகரி எழுத்தில் எழுதியதை என்னால் வாசிக்க முடியாததால் அவனையே எழுந்து சொல்லச் சொன்னேன். 1885இல் சோட்டாநாக்பூருக்கு வந்து, நிலத்தை இழந்துகொண்டிருந்த ஆதிவாசிகளுக்காக நீதிமன்றம் ஏறிய லீவன்ஸ் சாமியாரின் பெயர் அவன் நோட்டில் இருந்தது. எங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் அதைத் தங்கள் நோட்டிலும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அவனுடைய அம்மாவையும் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே வந்த முதல் நாள் அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று பிள்ளைகள் அவரிடம் கேட்பார்கள்.