நெல்லிக்கனி யாருக்கு?

"நூறாண்டு வாழ்க" என்று வாழ்த்துவது தமிழர் மரபு. திருமண நாளிலும் பிறந்த நாளிலும் காலில் விழுந்து எழும் இளையோருக்குப் பெரியோர் வழங்கும் முதல் ஆசி அதுவே. நூறாண்டு வாழ விரும்பலாம் என்று ஈசாவாஸ்ய உபநிடதமும் அனுமதிக்கிறது. ஆனால் அந்த நூறாண்டும் கடமைகளைச் செய்துகொண்டே கழிய வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் சேர்த்தே கூறுகிறது. நீண்ட ஆயுளை விரும்புவதில் குற்றமில்லை. அந்த ஆயுளை எதற்காக விரும்புகிறோம் என்பதில்தான் அறம் அடங்கியிருக்கிறது.

இந்தப் பழைய கேள்வி இன்று புதிய வடிவில் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடம் அது. பெரும்பாலோர் உழைத்து உண்டவர்கள். ராகிக் களியும் கீரைக் குழம்பும் உண்டு வளர்ந்தவர்கள். இத்தகைய பகுதிகளின் மருந்துக் கடைகளிலும் இன்று பளபளக்கும் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. "ஆன்டி ஆக்ஸிடன்ட்" என்ற சொல் அவற்றின்மீது பெரிய எழுத்தில் காணப்படுகிறது. இளமை நீடிக்கும், சுருக்கம் மறையும், செல்கள் புதுப்பிக்கப்படும் என்றெல்லாம் விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர் இவற்றுக்காக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதனால் மனைவியின் மூக்குக்கண்ணாடி அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போகலாம்; பேரனின் பள்ளிக் கட்டணம் தாமதமாகலாம். அவர் வாங்குவது உடல்நலமா, அச்சத்திற்கு ஓர் ஆறுதலா?

விடை காண முதலில் அறிவியல் கூறுவதைக் கேட்க வேண்டும். உண்மையை விட்டுவிட்டு ஆன்மிகம் இல்லை.

துருப்பிடிக்கும் உடல்

மூச்சின் வழியே உள்ளே செல்லும் ஆக்ஸிஜனைக் கொண்டுதான் உடல் உணவை எரித்து ஆற்றலைப் பெறுகிறது. அந்த எரிதலின்போது "ஃப்ரீ ராடிக்கல்" எனப்படும் நிலையற்ற துகள்கள் தோன்றுகின்றன. அவை அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்கிச் சேதப்படுத்தக் கூடியவை. இரும்பு துருப்பிடிப்பதைப் போல உடலும் இவ்வாறு சிறிது சிறிதாகச் சேதமுறுவதே முதுமைக்குக் காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1956-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டார். இந்தத் துகள்களை அடக்கும் பொருள்களே ஆன்டி ஆக்ஸிடன்ட்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஆகியவை அவற்றுள் சில.

காய்கனிகளை மிகுதியாக உண்பவர்களிடம் புற்றுநோயும் இதய நோயும் குறைவாக இருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். இதிலிருந்து ஒரு முடிவு எளிதாகப் பிறந்தது: கனியில் உள்ள சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக உண்டால் கனி தரும் நன்மையைப் பன்மடங்காகப் பெறலாம் அல்லவா? வேதியியலுக்கு 1954-லும் அமைதிக்கு 1962-லும் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் போன்ற மேதையே வைட்டமின் சி-யைப் பெரும் அளவில் உண்ணும்படி பரிந்துரைத்தார். கேட்பதற்கு நியாயமாக இருந்த கருத்து அது. ஆனால் நியாயமாகத் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை சொன்ன செய்தி

ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை ஓர் ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை அவர்களை நுரையீரல் புற்றுநோயிலிருந்து காக்கும் என்று எதிர்பார்த்தனர். 1994-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. அம்மாத்திரையை உண்டவர்களிடம் அந்நோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் தரப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடுதலாகக் காணப்பட்டதால், அந்த ஆய்வு 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், மருத்துவர்கள் 22,071 பேரிடம் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வும் வெளிவந்தது. பீட்டா கரோட்டினால் அவர்களுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. வைட்டமின் ஈ-யும் தப்பவில்லை. 35,533 ஆண்களிடம் நடந்த ஆய்வில், அதை உண்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் மிகுந்திருந்ததாக 2011-இல் தெரியவந்தது.

இவை போன்ற 78 ஆய்வுகளை, அவற்றில் பங்குகொண்ட 2,96,707 பேரின் விவரங்களுடன் தொகுத்து 2012-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் ஆயுளை நீட்டிக்கும் என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் இறப்பைச் சற்றே கூட்டக்கூடும் என்றும் அது எச்சரித்தது.

இதனால் எல்லா மாத்திரையும் வீண் என்று தள்ளிவிடுவதும் தவறு. குறைபாடு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் அதை நிரப்பும் சத்து மருந்து அவசியமே. கருவுற்ற பெண்ணுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் தருவதை எவரும் குறை கூற முடியாது. முதுமையில் விழித்திரை சிதையும் நோய் நடுநிலையை எட்டியவர்களுக்கு, வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு கலவை நோய் முற்றுவதை ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தது என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய்க்கு மருந்து உண்டு. முதுமை என்பது நோயன்று. இந்த வேறுபாட்டை மறைப்பதில்தான் வணிகம் செழிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வெளியிட்ட விதிமுறைகள், இத்தகைய சத்துப் பொருள்களின் உறையில் "மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று" என்று அச்சிட வேண்டும் எனக் கூறுகின்றன. விளம்பரத்தைப் படிப்பவர் அந்த வரியையும் படிக்க வேண்டும்.

வெப்பமும் தவமும்

மாத்திரை ஏன் பயன்தரவில்லை? இங்கேதான் சிந்தனைக்குரிய ஓர் உண்மை வெளிப்படுகிறது. பகைவர் என்று கருதப்பட்ட அந்தத் துகள்கள் முற்றிலும் பகைவர் அல்லர். உடலுக்குள் புகும் கிருமிகளை அழிக்க வெள்ளணுக்கள் அவற்றையே ஆயுதமாகக் கொள்கின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பவும் அவை பயன்படுகின்றன. அளவு மீறினால் கேடு. அளவோடு இருந்தால் காவல்.

2009-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் இளைஞர்களை நான்கு வாரங்கள் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் தரப்பட்டன. மாத்திரை உண்ணாதவர்களின் உடல் இன்சுலினை ஏற்கும் திறனில் முன்னேறியது. உண்டவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. உடற்பயிற்சியின்போது எழும் சிறு தாக்குதலே உடலைத் தன் காவலை வலுப்படுத்திக்கொள்ளத் தூண்டுகிறது. அந்தத் தாக்குதலை மாத்திரை அணைத்துவிட்டதால் தூண்டுதலும் அணைந்தது.

தவம் என்ற சொல்லுடன் உறவுடைய "தபஸ்" என்பதற்கு வெப்பம் என்று பொருள். தாங்கக்கூடிய அளவு வெம்மையை ஏற்றுக்கொள்பவன் உறுதி பெறுகிறான். எல்லா வெம்மையிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்பவன் மென்மையாகவே நின்றுவிடுகிறான். முன்னோர் மனத்தைப் பற்றிக் கண்ட இந்த விதி, உடலின் நுண்ணிய அறைகளிலும் செயல்படுவது வியப்புக்குரியது. உழைப்பு, நடை, அளவான உணவு, அவ்வப்போது நோன்பு ஆகியவற்றை மரபு வலியுறுத்தியதன் பொருளும் இதனால் விளங்குகிறது.

யயாதியின் கடன்

மகாபாரதம் கூறும் யயாதியின் கதை யாவரும் அறிந்ததே. சாபத்தால் திடீரென முதுமை எய்திய அரசன், தன் மைந்தர்களிடம் இளமையைக் கடனாகக் கேட்டான். இளைய மகன் பூரு மட்டும் இசைந்து தன் இளமையைத் தந்து தந்தையின் முதுமையை ஏற்றான். நெடுங்காலம் இன்பங்களை நுகர்ந்த பின்னரே, நுகர்வதால் ஆசை தணியாது, நெய் வார்த்த நெருப்பைப் போல வளரும் என்பதை யயாதி உணர்ந்தான். இளமையை மகனிடமே திருப்பித் தந்துவிட்டு வனம் சென்றான்.

இக்கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யயாதி நீட்டித்துக்கொண்ட இளமையின் விலையை வேறொருவன் செலுத்தினான். இன்றும் அவ்வாறே. முதுமையை மறைக்கச் செலவிடும் பணம் குடும்பத்தின் பணம்; அதில் ஏதோ ஓர் இளையவரின் பங்கு இருக்கிறது. செலவு பெரிதா சிறிதா என்பதைவிட, அது யாருடைய தேவையை ஒதுக்கிவிட்டு வந்தது என்பதே அறத்தின் கேள்வி.

பேணுதலும் பற்றுதலும்

அப்படியானால் உடலைப் புறக்கணிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உடலை இறைவன் உறையும் கோயிலாகக் கண்ட சித்தர் மரபு தமிழுக்கு உரியது. திருவள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரமே வகுத்து, செரித்தபின் அளவறிந்து உண்பதை அதில் வலியுறுத்தினார். "நிலையாமை" என்ற அதிகாரத்தை வகுத்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே அவருடைய கருத்து முழுமையாகும்.

ஸ்ரீராமகிருஷ்ணரின் இறுதி நாட்கள் இதற்குச் சிறந்த விளக்கம். தொண்டையில் புற்றுநோய் கண்டபோது டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் சிகிச்சையை அவர் மறுக்கவில்லை, மருந்தை உட்கொண்டார். ஆயினும் உணவு இறங்கும் அளவுக்காவது நோய் குறைய அன்னையிடம் வேண்டும்படி சீடர்கள் மன்றாடியபோது, இத்தனை பேரின் வாய்களால் தாம் உண்பதை அன்னை சுட்டிக்காட்டியதாகவே அவர் கூறினார். 1886-இல், ஐம்பதாம் வயதில் அவ்வுடல் மறைந்தது. அவருடைய தலைமைச் சீடர் சுவாமி விவேகானந்தர் 39 ஆண்டுகளே வாழ்ந்தார். ஆண்டுகளின் எண்ணிக்கையால் அளக்க முடியாத வாழ்க்கைகள் அவை. மருந்தை ஏற்பது கடமை. மருந்தால் மரணத்தை வென்றுவிடலாம் என்று மயங்குவது அறியாமை.

எளிய வழி

காய்கனிகளை நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் உண்ணும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நன்மை கனியில் இருந்தது. அதிலிருந்து பிரித்த ஒரு பொருளில் அது இல்லை. கனியில் நூற்றுக்கணக்கான சத்துகள் நார்ப்பொருளுடன் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பப்பாளி, கேழ்வரகு ஆகியவை மர்பி டவுனின் எளிய சமையலறைக்கும் எட்டக்கூடியவை. புகையிலையை விடுதல், அன்றாடம் நடத்தல், நன்கு உறங்குதல் ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. மாத்திரை ஏற்கெனவே உண்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. குறிப்பாக, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கு மிகுந்த அளவு வைட்டமின் ஈ இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும்.

கனியைக் கொடுத்தவன்

நீண்ட ஆயுள் தரும் கனியைப் பற்றித் தமிழர் போற்றிவரும் வரலாறு ஒன்றுண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைத்தது. அதை உண்டால் நெடுநாள் வாழலாம் என்பதை அவன் அறிவான். அறிந்தும் அதை ஔவையாரிடம் தந்தான். அதன் பெருமையைக் கூறினால் அவர் மறுத்துவிடுவார் என்று கருதிச் சொல்லாமலே தந்தான். ஔவை பாடிய பாடல் புறநானூற்றில் நிற்கிறது. அதியமானும் அதில் நிற்கிறான். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அவன் பெயர் மறையவில்லை. கனியைத் தானே உண்டிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் அரசாண்டிருக்கலாம், அவ்வளவே.

நசிகேதனுக்கு யமன் விரும்பிய அளவு ஆயுளைத் தர முன்வந்தான். எவ்வளவு நீண்டாலும் அதற்கும் முடிவு உண்டு என்று கூறி அதை மறுத்த அச்சிறுவன், முடிவற்றதைக் கேட்டுப் பெற்றான். முதுமையில் தோல் சுருங்கும், நடை தளரும்; அவற்றை எவராலும் தடுக்க இயலாது. உள்ளம் சுருங்காமல் காப்பது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பேரக்குழந்தைக்கு ஒரு நல்ல சொல், அண்டை வீட்டாருக்கு ஓர் உதவி, அந்தி வேளையில் இறைநாமம் என்று செலவாகும் நாள் நீண்ட நாளே. கிடைத்த ஆயுளைப் பிறருக்குப் பயன்படும்படி வாழ்பவரிடம் முதுமை அச்சமாக வருவதில்லை, கனிவாக வருகிறது.